நிறுத்தச் சொன்ன பிறகு

குரு உமையாளுக்கு வயது முப்பத்து நான்கு. சீடர் இன்னாசிமுத்துவுக்குத் தலை முழுக்க நரை. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டு ரத்த வங்கியில் வந்து சேர்ந்திருந்தார். இதில் இருவருக்கும் வெட்கமில்லை.

ரத்தப் பைகளின் விவரத்தைப் பதியும் நிரல் அவர் எழுதியது. மின்சாரம் போனால் யூபிஎஸ் சிறிது நேரம் தாங்கும். அதற்குள் கணினி, ஓடுகிற நிரல்களுக்கெல்லாம் "நிறுத்திக்கொள்" என்று ஒரு சமிக்ஞை அனுப்பும். அப்போதும் நிற்காத நிரலை, பிறகு கேள்வி கேட்காமல் கொன்றுவிடும்.

இன்னாசிமுத்து அந்த முதல் சமிக்ஞையைக் கண்டுகொள்ளாதபடி தன் நிரலை எழுதியிருந்தார். கம்பத்தின் மேல் இருப்பவன் யார் கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது என்பது அவருடைய பழைய பாடம்.

போன வாரம் மின்சாரம் போனது. நிரல் நிற்கவில்லை, கொல்லப்பட்டது. ஒரு பையின் ரத்தப் பிரிவு பதிவாகியிருந்தது, பரிசோதனை முடிவு இல்லை. மறுபடி சோதிக்க மாதிரியும் மிச்சமில்லை. லேசில் கிடைக்காத பி நெகட்டிவ், குப்பைக்குப் போனது. இன்னொரு முறை நடந்தால் நிரலையே தூக்கிவிடுவேன் என்றார் ரத்த வங்கிப் பொறுப்பு டாக்டர்.

இன்னாசிமுத்து கலங்கிப்போனார். சமிக்ஞை வந்த கணமே எல்லாவற்றையும் சேமித்துவிடும்படி ஒரு பகுதி எழுதிச் சேர்த்தார். சோதித்தபோது நிரல் சேமிக்கவும் இல்லை, முடியவும் இல்லை; அப்படியே உறைந்துபோனது.

உமையாளின் அறைக்கு ஓடினார். அவர் ஒரு மருத்துவமனைக்குப் போனில் பை எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மேடம், இப்பவும் சரியா வரல."

உமையாள் இடது கையை உயர்த்தினார். பார்வை திரும்பவில்லை.

"ஏழு, நாலு, ஒன்பது. ஓ பாசிட்டிவ். திருப்பிச் சொல்லுங்க... சரி. இங்க ஒருத்தர் அவசரமா வந்திருக்கார். அடுத்த பையை அப்புறம் சொல்றேன்."

போனை வைத்தார். "சொல்லுங்க சார்."

"உடனே காப்பாத்தத்தானே எழுதினேன். ஏன் உறைஞ்சு நிக்குது?"

"பதிவுக் கோப்பைப் பூட்டினது யாரு?"

"அதுல பையை எழுதிக்கிட்டிருந்த வேலை. நடுவுல வேற எதுவும் எழுதாம இருக்கப் பூட்டும். சமிக்ஞை வந்ததும் பாதியில நிக்குது."

"நீங்க சேர்த்த பகுதி?"

"அதே கோப்பைத் திறக்கப் பாக்குது. பூட்டை விடுற வரைக்கும் காத்துக்கிட்டு..." அவர் நிறுத்தினார். "இது முடிஞ்சாத்தான் அது நகரும். அது நகர்ந்தாத்தான் இது முடியும்."

"ம்."

"அப்போ சமிக்ஞை வந்த உடனே என்னதான் செய்யறது?"

"நீங்க கூப்பிட்ட உடனே நான் என்ன செஞ்சேன்?"

"கையைத் தூக்கினீங்க. வேற ஒண்ணும் செய்யலையே."

உமையாள் மறுபடி போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து அடுத்த பையின் எண்ணைச் சொல்லத் தொடங்கினார்.

இன்னாசிமுத்து தன் இடத்துக்குத் திரும்பினார். சேர்த்ததையெல்லாம் அழித்தார். நிறுத்தச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளும் ஒரு வரியை மட்டும் அங்கே வைத்தார். ஒவ்வொரு பையும் முடிந்ததும் நிரல் அந்தக் குறியைப் பார்க்கும். இருந்தால் தானே நின்றுகொள்ளும்.

சோதனைக்காகப் போலிப் பை விவரங்களை ஓடவிட்டு, யூபிஎஸ்ஸுக்கு வரும் மின்சாரத்தை அவரே நிறுத்தினார். கணினி அணைந்து, மறுபடி எழுந்தது. கையில் இருந்த பை முழுதாகப் பதிவாகியிருந்தது. அடுத்த பையைத் தொடவே இல்லை.

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். அன்று மதியம் உமையாளோடு சாப்பிட உட்கார்ந்தார். பாதிச் சாப்பாட்டில் ஒரு சந்தேகம் வந்தது.

"மேடம், கேக்காமலே கொல்ற சமிக்ஞை ஒண்ணு இருக்கே. அது முதல்லயே வந்துட்டா? கையைத் தூக்கக்கூட நேரமில்லையே."

"இல்லதான்."

"அதுக்கு என்ன எழுதறது?"

உமையாள் அவருடைய தட்டில் மோரை ஊற்றினார்.

"ஒண்ணும் எழுத முடியாது சார். ஆனா முடிச்ச பையை அதால தொட முடியாது. சாப்பிடுங்க."