லேசான டிரிக்கர்

நாச்சிமுத்துவுக்கு முதல் அதிர்ச்சி, கோச்சைப் பார்த்தவுடனேயே ஏற்பட்டது.

துப்பாக்கி சுடும் கிளப்பில் கோச் என்றால் முறுக்கு மீசை வைத்த மிலிட்டரிக்காரர் ஒருவர் இருப்பார் என்று எண்ணித்தான் அவர் பொள்ளாச்சியிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்து பார்த்தால், தம் மகள் வயதில் ஒரு பெண் குண்டு தடுக்கும் மண்மேட்டுக்கு முன்னால் குனிந்து காலித் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கோச் இல்லீங்களா அம்மிணி?"

"நான்தானுங்க. பேரு சுகந்தி."

நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். அறுபதை நெருங்குகிற மனிதர், கயிறு மில் முதலாளி, ஊரில் பஞ்சாயத்து என்றால் முதல் நாற்காலி அவருக்கு. இந்தப் பெண்ணிடமா பாடம் கேட்பது? திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் தலைகீழாக நின்று வாங்கிய லைசென்ஸ் சட்டைப் பையில் இருந்தது. வந்தது வந்தாயிற்று என்று கேட்டுவிட்டார்.

"எனக்கொரு பிஸ்டல் வேணுமுங்க. எதை வாங்கறதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

"எதுக்குங்கய்யா?"

அவர் சொன்னார். தோப்புக்கு நடுவில் வீடு. பிள்ளைகள் வெளிநாட்டில். போன தை மாதம் முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் பின்கதவு வழியாக உள்ளே வந்தார்கள். அவரை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, வாயில் துண்டைத் திணித்தார்கள். அவர் கண் முன்னாலேயே அவருடைய மனைவி மயிலாத்தாளின் தோட்டைக் காதோடு பிடித்து இழுத்தார்கள். அவள் அலறியது தோப்பு முழுக்கக் கேட்டிருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

"கையைக் கட்டி உக்கார வெச்சுட்டானுங்க, கோச். பாத்துட்டு உக்காந்திருந்தேன்."

அவரை அறியாமல் 'கோச்' என்ற சொல் வந்துவிட்டது.

"இப்ப அவங்க எப்படி இருக்காங்க?"

"காது ஆறிருச்சுங்க. தூக்கந்தான் இல்லை. ராத்திரியானா எந்திரிச்சுப் போயி தாழ்ப்பாளைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு வருவா. தண்ணி குடிப்பா. வந்து படுப்பா. மறுபடி எந்திரிப்பா."

"அவங்களையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க."

"எதுக்குங்க? அவளுக்கு இதைப் பத்தி என்ன தெரியும்?"

மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அங்க டீ குடிச்சிட்டிருக்காங்க பாருங்க, எல்லாரும் பிஸ்டல் வெச்சிருக்கறவங்க. முதல்ல அவங்ககிட்டக் கேளுங்க."

கேட்டார். கேட்டது தப்பு. ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். கனமானதை வாங்குங்கள், சுடும்போது கை தூக்காது என்றார் டாக்டர். கனத்தைச் சுமந்துகொண்டு யார் அலைவது, பாக்கெட்டில் அடங்குகிறதே போதும் என்றார் எஸ்டேட்காரர். பிடிக்கு ஈட்டி மரம் போட்டுத் தன் இனிஷியலைப் பொறித்திருந்தார் ஒரு கான்ட்ராக்டர். அதைத் தடவிக் காட்டுவதற்கே அவர் கிளப்புக்கு வருகிறார் போலிருந்தது. சினிமா தியேட்டர்காரர் மட்டும் நாச்சிமுத்துவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எதை வேணா வாங்குங்க. வாங்கினதும் ஸ்பிரிங்கை மாத்தி டிரிக்கரை லேசாக்கிருங்க. பூவைத் தொட்டாப்பல இருக்கோணும். ஆபத்து நேரத்துல விரலை அழுத்திட்டா இருப்பீங்க?"

நாச்சிமுத்துவுக்கு அது பளிச்சென்று பிடித்துவிட்டது. கட்டிப்போட்ட கைகள் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

அதைச் சுகந்தியிடம் வந்து சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள்.

"எல்லாரும் அவங்கவங்க துப்பாக்கியைப் பத்தி நல்லதாத்தான் சொல்லியிருப்பாங்க. இன்னொண்ணு கேட்டுட்டு வாங்க. அது என்னிக்காவது உங்களைப் பயமுறுத்தியிருக்குதான்னு."

டாக்டர் இல்லை என்றார். எஸ்டேட்காரர் பேச்சை மாற்றினார். தியேட்டர்காரர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று.

"ஒருக்கா தோட்டா அடைக்கிற மேகசினை உருவிட்டுத் துடைச்சிட்டிருந்தேன். மேகசின் போனா காலிதானேன்னு நினைப்பு. உள்ளே ஒரு தோட்டா ஏறி நின்னது தெரியலை. விரல் பட்டுச்சோ படலையோ, வெடிச்சிருச்சு. பீரோவுல ஓட்டை. அடுக்கி வெச்ச பட்டுச் சேலைக்குள்ள போயி நின்னுருச்சு." குரலைத் தாழ்த்தினார். "பீரோவுக்கு அந்தண்டை தொட்டில்ல பேத்தி தூங்கிட்டிருந்தா. இதை நான் வெளிய சொன்னதில்லைங்க."

நாச்சிமுத்து கையிலிருந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு வந்தார்.

ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, அது எதிலிருந்தும் தப்பித்துக்கொள்ளும். சுகந்தியிடம் வந்து சேர்வதற்குள் பயம் தெளிந்திருந்தது.

"அவரு கவனமில்லாத ஆளுங்க, கோச். நான் அப்படி இல்லை."

"சரிங்கய்யா" என்றாள் சுகந்தி.

பிஸ்டல் வாங்கினார். வாரம் தவறாமல் வந்து கற்றார். கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கியை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கும் முன் மேகசினை உருவ வேண்டும், மேல்மூடியைப் பின்னால் இழுக்க வேண்டும், தோட்டா நிற்கும் குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து "காலி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாங்குகிறவரும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். நாச்சிமுத்து சொல்லும் "காலி" ரோடு வரைக்கும் கேட்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

பிடியை மாற்றட்டுமா என்று கேட்டார். "சரிங்கய்யா" என்றாள். இருட்டில் ஒளிரும் புள்ளியைக் குறிமுனையில் வைக்கட்டுமா என்று கேட்டார். அதற்கும் "சரிங்கய்யா"தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னாலாவது எதிர்த்துப் பேசலாம். இந்தச் 'சரி'யை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கடைசியாக ஒரு சனிக்கிழமை டிரிக்கருக்கு வந்தார்.

"ஸ்பிரிங்கை மாத்திரலாம்னு இருக்கேனுங்க. எவ்வளவு லேசா வெக்கலாம்?"

இந்த முறை சுகந்தி சரி என்று சொல்லவில்லை.

"உங்களுக்கு எவ்வளவு வேணும்?"

"தொட்டாப் போதும். தலைகாணிக்கு அடியில கெடக்கும். கதவு அசைஞ்சா எடுத்தவுடனே சுட்டுரோணும்."

"நாளைக்குக் காலையில வாங்க. அந்த அளவுக்கு லேசா வெச்சுத் தர்றேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் அவள் கையில் ஒரு மரத் துப்பாக்கி இருந்தது. அவருடைய பிஸ்டலின் அதே உருவம், அதே கனம். டிரிக்கர் மட்டும் இரும்பு. தோட்டா போட அதில் வழியே கிடையாது. அப்படியும் சுகந்தி அதைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "காலி" என்று சொல்லித்தான் கொடுத்தாள். நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே தாமும் பார்த்து, "காலி" என்றார். அவருடைய பிஸ்டலை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டினாள்.

விரலை வைத்துப் பார்த்தார். டக் என்றது. வைத்ததுகூடத் தெரியவில்லை.

"அடடா! இதேதானுங்க, இதேதான்."

"கையில வெச்சுப் பாத்தாப் போதாதுங்கய்யா. இங்க வாங்க."

குறிப்பலகைகளை அடுக்கி வைக்கும் அறைக்கு அழைத்துப் போனாள். ஜன்னல் இல்லாத அறை. வாட்ச்மேனுடைய இரும்புக் கட்டில் கிடந்தது.

"இது உங்க ஊடுன்னு நினைச்சுக்கங்க. தலைகாணிக்கு அடியில இதை வெச்சுட்டுப் படுங்க. நான் வெளிய போயிருவேன். எப்பவாவது அந்தக் கதவு திறக்கும். ஊட்டுல என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க."

அட்டை மனிதனை யாராவது உள்ளே தள்ளுவார்கள் என்று நாச்சிமுத்து கணக்குப் போட்டார். படுத்தார். விளக்கு அணைந்தது. பட்டப்பகலிலேயே கண் குத்துகிற இருட்டு.

முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. நேரம் ஆக ஆக வேடிக்கை போய்விட்டது. வாயில் திணித்த துண்டின் நாற்றம் வந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்தது. அந்த அலறல் வந்தது. வரட்டும், இந்தத் தடவை வரட்டும் என்று பல்லைக் கடித்தார். தலையணைக்கு அடியில் கையை விட்டு மரத் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டார்.

தாழ்ப்பாள் மெல்ல அசைந்தது.

கதவு திறந்தது. வெளிச்சக் கீற்றில் ஓர் உருவம். அதன் கையில் ஏதோ மின்னியது. அது ஓர் அடி எடுத்து வைத்தது.

டக்.

அவர் அழுத்தினாரா? அவருக்கே தெரியாது. விரல் அழுத்திவிட்டது.

விளக்கு எரிந்தது.

மயிலாத்தாள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பு. இன்னொரு கை தாழ்ப்பாளின் மேல். மரத் துப்பாக்கியின் முனை அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

துப்பாக்கி நாச்சிமுத்துவின் கையைவிட்டு விழுந்து கட்டிலுக்கு அடியில் உருண்டது.

"நாந்தானுங்க" என்றாள் மயிலாத்தாள்.

தாழ்ப்பாளின் மேலிருந்த கையை எடுத்தாள்.

"நீ... நீ எப்படி இங்க?"

"நானாத்தான் இவங்களைத் தேடி வந்தேனுங்க. புதங்கிழமை, நீங்க மில்லுக்குப் போனப்பொறகு. ராத்திரியில எந்திரிக்காம என்னால இருக்க முடியலை. அதைத் தலைமாட்டுல வெச்சுட்டு நீங்க படுத்திருக்கையில நான் எப்படி நடக்கறதுன்னு கேக்க வந்தேன். உங்ககிட்டக் கேட்டாக் கோவிச்சுக்குவீங்க." சொம்பைத் தரையில் வைத்தாள். "இன்னிக்கு வரச் சொன்னாங்க. மரத் துப்பாக்கின்னு சொல்லித்தான் உள்ளே விட்டாங்க. அவரு என்னையச் சுடமாட்டாருங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த இரண்டு பேர் வந்த அன்றுகூட அவர் இப்படி அழவில்லை.

சுகந்தி வாசற்படியில் நின்றாள்.

"எனக்கு அந்தச் சனியனே வேண்டாங்க, கோச். இன்னிக்கே கொண்டு போயி ஒப்படைச்சர்றேன்."

"அது உங்க இஷ்டம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. ஊட்டுல அவங்களை எப்படிக் கூப்பிடுவீங்க?"

எப்படிக் கூப்பிடுவார்? கூப்பிட்டதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து தொண்டையைச் செருமுவார். அவள் வந்து நிற்பாள். சாப்பாட்டுக்கு ஒரு செருமல், சட்டைக்கு ஒரு செருமல். அதுவே போதுமானதாக இருந்தது.

"பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லைங்க."

சுகந்தி கட்டிலுக்கு அடியில் குனிந்து மரத் துப்பாக்கியை எடுத்தாள். "காலி" என்று சொல்லி அவரிடம் நீட்டினாள். அவர் அதைத் தொடவே பயந்தார். அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் வாங்கிக்கொண்டார். "காலி" என்றார். இந்த முறை அது பக்கத்தில் நின்றவளுக்கே கேட்டிருக்காது.

"இவங்களைப் பாத்து நீட்டிராதீங்க. தரையைப் பாத்துப் பிடிங்க. விரலை டிரிக்கருக்கு வெளிய வெச்சுக்கங்க. அம்மா, நீங்க மறுபடி வெளிய போயி உள்ளே வாங்க."

"வேண்டாங்க!" என்று பதறினார் நாச்சிமுத்து.

மயிலாத்தாள் சொம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். விளக்கு அணைந்தது.

தாழ்ப்பாள் அசைந்தது. கதவு திறந்தது. அதே வெளிச்சக் கீற்று. அதே உருவம். அது நின்றது.

நாச்சிமுத்துவின் தொண்டை பழக்கத்தில் செருமியது. உருவம் அசையவில்லை. அவர் எச்சிலை விழுங்கினார். பெயர் தெரிந்த பெயர்தான். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர்தான். வாயில் வரத்தான் வழி தெரியவில்லை.

"ம... மயிலா?"

இருட்டில் ஒரு விசும்பல் கேட்டது.

"ஏனுங்க?"

பக்கத்திலிருந்து சுகந்தியின் குரல் மெதுவாக வந்தது.

"இப்பச் சொல்லுங்கய்யா. டிரிக்கர் எவ்வளவு லேசா இருக்கோணும்?"