எண்பது நெல்லிக்காய்க் கணக்கு

இரண்டு வருடமாக மழை எட்டிப் பார்க்காத ஒரு காட்டில், அணில் ஒன்றும் காட்டெருமை ஒன்றும் நண்பர்களாக இருந்தன. அணிலுக்கு எதிலும் வேகம். எருமைக்கு எல்லாமே மெதுவாகத்தான் வரும். அணிலுக்கு இரண்டு குட்டிகள். எருமை தனிக்கட்டை.

காட்டில் குளங்களெல்லாம் வற்றி, சேற்றில் ஊறும் சில சொட்டுகள்தான் மிஞ்சியிருந்தன. மலைமேல் மட்டும் ஒரு சுனை இருந்தது. எல்லோரும் ஏறிவிட்டால் தண்ணீர் யாருக்கும் போதாது என்று சிங்க ராஜா ஆண்டுக்கு ஒரு பரீட்சை வைத்தது. பத்துக் கேள்விகள். பத்தும் சரியாக இருந்தால் குடும்பத்தோடு மலையேறலாம். தண்ணீர் குடிக்கக் கணக்கு எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள், குழந்தைகளே. அந்தக் காட்டில் அதைக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

எருமைக்குத் தள்ளுபடிக் கணக்கு சொல்லிக்கொடுத்தது அணில்தான். நூற்றுக்கு இருபத்தைந்து என்றால் நாலில் ஒரு பங்கு என்று எத்தனை முறை சொன்னாலும் அதன் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் அணில் நெல்லிக்காய்களை நாலு சமக் குவியலாக வைத்தது. ஒரு குவியலை ஒதுக்கச் சொன்னது. ஒதுக்கியது தள்ளுபடி, மிச்சம் இருப்பது கொடுக்க வேண்டிய விலை என்றது. எருமை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதன்பின் குவியல் வைக்காமல் அது ஒரு கணக்கும் போடவில்லை.

பரீட்சை நாள் வந்தது. அணிலின் சின்னக் குட்டி தாகத்தில் துவண்டு கிடந்தது. இரண்டு நாளாக அதற்குச் சத்தமே வரவில்லை. அதை விட்டுவிட்டு வந்த தாய்க்கு மனம் எங்கே நிலைகொள்ளும்?

நரி தயாரித்த வினாத்தாளில் கடைசிக் கேள்வி இது: எண்பது நெல்லிக்காய் விலையுள்ள தேனடை, நூற்றுக்கு இருபத்தைந்து தள்ளுபடியில் கிடைக்கிறது. வாங்குபவர் எத்தனை நெல்லிக்காய் கொடுக்க வேண்டும்? கீழே நாலு விடைகள் இருந்தன: இருபது, ஐம்பத்தைந்து, அறுபது, நூறு.

எண்பதில் நாலில் ஒரு பங்கு இருபது. அணில் கண் சிமிட்டும் நேரத்தில் போட்டுவிட்டது. முதல் விடையே இருபது. அதில் குறியிட்டுவிட்டு எழுந்தது.

எருமை அப்போதுதான் எண்பது கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தது.

"பரீட்சையிலயும் குவியலா அண்ணே?" என்று கேலி செய்துவிட்டு அணில் குட்டிகளிடம் ஓடியது.

எருமை நாலு குவியல் வைத்தது. ஒன்றை ஒதுக்கியது. மிச்சத்தை எண்ணி, அறுபதில் குறியிட்டது.

மறுநாள் முடிவு வந்தது. எருமைக்குப் பத்து, அணிலுக்கு ஒன்பது.

அணில் நரியிடம் ஓடியது. "இருபதுதானே சரி? விடைகளில் நீங்களே போட்டிருந்தீர்களே."

"இருபது தள்ளுபடி. நான் கேட்டது கொடுக்க வேண்டியதை," என்றது நரி. "அவசரக்காரர்கள் எங்கே நின்றுவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த எண்ணை முதலில் போட்டேன்."

தன் இடத்தை அணிலுக்குக் கொடுத்துவிடுவதாக எருமை மன்றாடியது. இடம் மாற்றிக்கொள்ள விதியில்லை என்று நரி சொல்லிவிட்டது.

"அடுத்த வருஷம் வந்துடு தங்கச்சி, பார்த்துக்கிட்டே இருப்பேன்," என்றது எருமை. அதன் கண் நிறைந்திருந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலையேறியது.

"நாம எப்பம்மா போறோம்?" என்று பெரிய குட்டி கேட்டது. அணில் சின்னதை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு அணில் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு முறை படித்தது. பத்துக்குப் பத்து வாங்கியது.

சேதி கேட்ட எருமை, குட்டிகளுக்கென்று நெல்லிக்காய் பறித்து, சுனைக்கரையில் இரண்டு குவியலாக வைத்துக் காத்திருந்தது. அணில் மலையேறி வந்தது. அதன் பின்னால் ஒரே ஒரு குட்டிதான் வந்தது.

எருமை ஒரு குவியலைக் குளம்பால் மெல்ல ஒதுக்கி வைத்தது.

நீதி: போட்ட கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது; கேட்டது என்ன என்று பார்த்த பிறகே விடை சொல்ல வேண்டும்.