கிரீடத்துக்கு மேலே கவிழ்ந்த பானை

முன்னொரு காலத்தில், தயிர்ப் பானையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்த பிறகே சோற்றில் கை வைக்கும் ராஜா ஒருவர் இருந்தார். ஒரு சொட்டு விழுந்தாலும் அன்றைக்குப் பட்டினிதான்; அவர் மட்டுமல்ல, அரண்மனையே. ஆனால் பாற்சாலைத் தலைவி மருதாயி உறைகுத்திய எருமைத் தயிர் ஒருநாளும் சொட்டியதில்லை.

பாலைவன வியாபாரி ஒருவன் அந்த ராஜாவுக்குக் கறவை ஒட்டகம் ஒன்றைக் காணிக்கையாகக் கட்டிவிட்டுப் போனான். நாலாம் நாள் ராஜாவுக்கு ஆசை பிறந்தது.

"மருதாயி, நாளை ஒட்டகத் தயிர் கொண்டு வா. சபையில் கவிழ்த்துக் காட்டு."

மருதாயி கையைப் பிசைந்தாள். "மகாராசா, எருமைப் பாலு கல்லாட்டம் உறையும். ஆட்டுப் பாலு கொழகொழன்னு உறையும். ஒட்டகப் பாலு புளிக்குமே தவிர கட்டியாகாதுங்க. மூணு தடவை மோரு விட்டுப் பாத்துட்டேன்."

தன் மைத்துனனைப் பாற்சாலையில் உட்காரவைக்கக் காத்திருந்த அமைச்சர், தானாதிபதி வீரவாகு துள்ளி எழுந்தார். "பாலெல்லாம் ஒரே பால்தான், பிரபு! இவள் கைதான் சரியில்லை. நாளை சொட்டினால் மொட்டையடித்து நாடு கடத்துங்கள்."

ராஜா தலையசைத்துவிட்டார். மருதாயி கும்பிட்டுவிட்டு வெளியேறினாள்.

வாசலில் அரசவை விகடகவி சொக்கணாண்டி அவளை மறித்தான். "அழாதே ஆத்தா. ரெண்டு பானையா கொண்டு வா. ஒண்ணுல எருமை, ஒண்ணுல ஒட்டகம். மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள், துணியால் வாய்கட்டிய இரண்டு பானைகளோடு அவள் நின்றாள். வீரவாகுவோ பாதி விலைக்குச் சரக்கு வாங்கியவர் போலப் புன்னகைத்தார்.

"பிரபு, பாலெல்லாம் ஒன்று என்பது தானாதிபதியின் வாக்கு. அதை நான் அப்படியே நம்புகிறேன்" என்றான் சொக்கணாண்டி. "ஆத்தா, எருமைப் பானையைக் கொடு."

மருதாயி ஒன்றை எடுத்து நீட்டினாள். அவன் விறுவிறுவென்று சிம்மாசனப் படியேறி, துணியை உருவி, ராஜாவின் கிரீடத்துக்கு நேர் மேலே பானையைக் கவிழ்த்தான்!

ராணி அலறினாள். வாள்கள் பாதி உருவிய நிலையில் நின்றன. சாமரம் வீசியவளின் கை மரத்துப்போனது. மருதாயி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

ஒரு சொட்டு விழவில்லை. அண்ணாந்த ராஜாவின் கண்ணுக்கு நேரே, தயிர் வெள்ளை வெளேரென்று அசையாமல் தொங்கியது.

சொக்கணாண்டி இறங்கிவந்து மற்றப் பானையை வீரவாகுவின் கையில் வைத்தான். "இது ஒட்டகம். பாலெல்லாம் ஒன்றுதானே ஐயா? மகாராஜா அசையாமல் இருக்கிறார். கவிழுங்கள்."

பானைக்குள் களக்கென்றது. தானாதிபதி முதல் படியில் வியர்த்தார். இரண்டாம் படியில் கால் வரவில்லை.

"என்ன தயக்கம்?" என்றார் ராஜா.

"பிரபு... பாலுக்குப் பால்... கொஞ்சம் வித்தியாசம் உண்டு..."

"அதைத்தானே ஐயா இவள் நேற்றே சொன்னாள்!" என்று ராஜா வெடித்துச் சிரித்தார். பானையை அங்கேயே குடித்துத் தீர்க்கும்படி வீரவாகுவுக்கு உத்தரவானது. புளிப்பில் அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சபையே குலுங்கியது. மருதாயியின் தலையும் வேலையும் தப்பின.

ராஜா தன் முத்துமாலையைச் சொக்கணாண்டிக்குப் போட்டார். "சிந்தியிருந்தால் என்னடா செய்திருப்பாய்?"

"என் புத்தியையா நம்பினேன், பிரபு? ஆத்தாவின் எருமையை நம்பினேன்."

மருதாயி மெல்ல வாய் திறந்தாள். "சாமி, ரெண்டும் ஒரே மாதிரிப் பானைங்க. நீங்க படியேறினப்பதான் எதைக் குடுத்தேன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சு."

சொக்கணாண்டி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ராஜாவின் கை தானாகப் போய்க் கிரீடத்தைத் தடவிப் பார்த்தது. பிறகு முன்னைவிட உரக்கச் சிரித்தபடி, கழுத்தில் மிச்சமிருந்த மாலையையும் கழற்றி மருதாயியிடம் நீட்டினார்.