நரியின் பெயர் வீட்டுக்கு வந்த கதை

மே... என்று ஒரு குரல், தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல. இஸ்பெல் கதவைத் திறந்தாள். பனியைத் தவிர வெளியே வேறொன்றும் இல்லை.

அந்தக் காலத்தில், மிருகங்களும் மனிதர்களும் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்காட்லாந்தின் தெற்கே ஒரு மலைப் பள்ளத்தாக்கில் நடந்தது இது. ராத்திரி கொட்டிய பனி இஸ்பெலின் மந்தையை அப்படியே மூடிவிட்டது. அவளுக்கும் புருஷன் வில்லியமுக்கும் சொத்து என்று இருந்ததே அந்த ஆடுகள்தான். இருவரும் நீளக் கழிகளால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். கழி பாறையில்தான் முட்டியது. பொழுது சாய்வதற்குள் எடுக்காவிட்டால் அத்தனையும் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். மோப்பம் பிடிக்க நாயைக் கேட்டால், தனக்கு ஜலதோஷம் என்று சொல்லிவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஆடு வளர்க்கிறவர்கள் நரியின் பெயரை வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் வந்து நிற்குமாம். சிவப்பு வாலான் என்பார்கள், மேட்டுக்காரன் என்பார்கள். அவர்கள் பாஷையில் நரிக்குப் பெயரான 'டாட்' என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள்.

சொன்னால் வரும் என்றால் வரட்டுமே என்று தோன்றியது இஸ்பெலுக்கு. பனிக்கு அடியில் ஓடும் எலியையே மோப்பம் பிடிக்கிறவன் ஆயிற்றே. வில்லியம் தடுத்தும் கேளாமல் மேட்டில் ஏறி, "டாட்" என்று உரக்கக் கூப்பிட்டாள்.

நரி கூச்சத்தோடு வந்து நின்றது.

"என்னையா கூப்பிட்டீர்கள், அம்மா? என்னைப் பெற்றவளைத் தவிர அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை."

ஆடுகளைக் காட்டித் தந்தால் கேட்ட கூலி தருவதாக அவள் சொன்னாள். நரி மூக்கைத் தாழ்த்தி நடந்தது, நின்றது, கீறியது. கீறிய இடமெல்லாம் வில்லியம் தோண்டினான். ஆடுகள் ஆவி பறக்க வெளியே வந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. நாய், சம்பந்தி வீட்டில் மரியாதை கிடைக்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"கூலிக்கு ஆடு கேட்பாயோ?" என்றாள் இஸ்பெல்.

"ஆட்டைக் கேட்டு வாங்கும் பழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை, அம்மா. என் பெயரை இன்னும் சில தடவை யாராவது கூப்பிட்டால் போதும்."

ரோமம் கத்தரிக்கும் நாளில், அந்த நிலங்களுக்குச் சொந்தக்காரரான பிரபுவின் ஆள் வந்தான். பள்ளத்தாக்கில் திரும்பிய பக்கமெல்லாம் ஒரு வில்லியம். யார் எவர் என்று பிரபுவுக்கு விளங்கவில்லையாம். ஆகவே வீட்டுக்கு ஒரு குடும்பப் பெயர், அதையும் அக்கம்பக்கத்தார்தான் வைக்க வேண்டும் என்றான். பக்கத்துப் பட்டி நினியனுக்கு நாக்கு அரித்தது. சிவப்பு வாலானை விருந்தாளியாக அழைத்த வீட்டுக்கு அவன் பெயரையே வையுங்கள் என்று நக்கலடித்தான். வில்லியம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டான். பிள்ளைகள் திருடன் பெயரோடு வளர வேண்டுமா?

இஸ்பெல் முள் பொறுக்கிக்கொண்டிருந்த ரோமத்தை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தாள்.

"எந்தப் பெயர் அண்ணே? வாயைத் திறந்து சொல்லுங்கள்."

நினியன் மலையைப் பார்த்தான். "டாட்," என்றான், காற்றுக்கே கேட்காத குரலில்.

"நல்ல பெயர். எங்கள் மந்தையை மீட்ட பெயர். இனி நீங்களும் தினம் கூப்பிடுங்கள்."

இனி அந்த வீட்டாரைக் கூப்பிட வேண்டுமென்றால் நரியின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பட்டி முழுக்கச் சிரிப்பு, வில்லியமும் சிரித்துவிட்டான். மேட்டின்மேல் நரி துள்ளித் துள்ளி ஆடியதை ஆடுகள்கூட வேடிக்கை பார்த்தன.

அன்று முதல்தான் அந்த நாட்டில் நரியின் பெயர் குடும்பப் பெயராகவும் விளங்குகிறது. பின்னாளில் டாட் என்ற பெயர்கொண்ட ஒருவர் வேதியியலில் நோபல் பரிசே வாங்கினார். அதெல்லாம் அறியாத இஸ்பெல் உட்கார்ந்து, ரோமத்தை மடியில் இழுத்துப் போட்டு, அடுத்த முள்ளைத் தேடினாள்.