மூன்றாம் தடவையும் கொதித்த வண்டி

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சிஷ்யன் என்றால் மீசை முளைக்காதவனாக இருக்க வேண்டும் என்று எவன் சட்டம் போட்டான்? சாத்தூரில் கார் பட்டறை வைத்திருந்த பிலோமினாவுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பால்வண்ணனுக்கு நாற்பத்தெட்டு. அவன் அவளை வாத்தியாரம்மா என்பான், அவள் அவனை அண்ணாச்சி என்பாள். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அக்னி நட்சத்திரம் தொடங்கி நாலாம் நாள். சிக்கந்தரின் வாடகைக் கார் மூன்றாம் தடவையாகக் கொதித்து, காலையில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து பட்டறையில் விடப்பட்டிருந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குள் வண்டி ஆறிவிட்டது. பால்வண்ணன்தான் ஆறவில்லை.

அவனுக்கு நாலரை மணிக்குத் திருப்பூர் பஸ். வேலை பார்த்த மில்லை மூடியதும், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பூருக்குப் போய், பனியன் கம்பெனியில் இரண்டு வருஷம் கிடந்துவிட்டு, பத்து மாதத்துக்கு முன்னால்தான் ஊர் திரும்பியிருந்தான். வந்தும் மனைவி இசக்கியம்மாளோடு ஒட்டவில்லை. தினமும் சண்டை. இந்தத் தடவை போனால் ஒரேயடியாகப் போய்விடுவது என்று விடியும்போதே துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டான். அதற்குள் இந்தச் சனியன் பிடித்த காரை முடித்தாக வேண்டும். இங்கேயும் பாதியில் விட்டுவிட்டுப் போனான் என்ற பேர் எதற்கு?

“என்ஜின் ஹெட்டை இறக்கிருவோம், வாத்தியாரம்மா.”

“எதுக்கு?”

“பெறகு என்ன செய்யச் சொல்லுதீங்க? ரேடியேட்டர் புதுசு. ஹோஸ் புதுசு. பம்பும் வால்வும் போன வாரம்தான் என் கையால மாட்டினேன். எங்கயும் ஒரு சொட்டு ஒழுகலை. எல்லாத்தையும் சரிபண்ணின பெறகும் ஏன் கொதிக்குது?”

பிலோமினா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, “தள்ளுங்க” என்றாள்.

சிக்கந்தரும் சேர்ந்து மூன்று பேருமாக வண்டியைத் தள்ளி, முன்சக்கரம் இரண்டும் வாசல் மேட்டில் ஏறி மூக்கு மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தினார்கள். அவள் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

“உள்ள உட்காருங்க, அண்ணாச்சி. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை லேசா மிதிச்சே வைங்க. ஹீட்டரை முழுசாத் திருப்புங்க.”

“ஹீட்டரா?”

சிக்கந்தர் வாய்விட்டுச் சிரித்தான். “நல்லாக் கேட்டீங்க போங்க. வெந்து சாகுற ஊர்ல எவன் ஹீட்டர் போடுவான்? வண்டி வாங்கி ஏழு வருஷம் ஆச்சு. அந்தத் திருகைத் தொட்டதே இல்ல.”

“அதான் போடச் சொல்லுதேன்” என்றாள் பிலோமினா.

திருகு இறுகிக் கிடந்தது. பால்வண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பியதில் ஒருவழியாகச் சிவப்புக் கோட்டுக்கு வந்தது. ஏழு வருஷத்துத் தூசி அவன் முகத்தில் அடித்தது. இருமினான். அதற்குப் பின்னால் வந்த காற்றில் சூடு இல்லை, வெளிக்காற்று மாதிரிதான் இருந்தது.

“இதுல சூடே வரலையே.”

“வரலைல்ல? மிதிங்க.”

ஐந்து நிமிஷம் போயிற்று. பத்து நிமிஷம் போயிற்று. என்ஜின் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. ஒரு கார் ரிப்பேர் என்றால் கழற்ற வேண்டும், மாட்ட வேண்டும், ஸ்பானர் கையில் இருக்க வேண்டும். இது என்ன, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையை உட்கார்த்தி வைத்த மாதிரி? அவன் காலை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தான்.

“எங்க இறங்குதீங்க?”

“மணி பாத்துட்டு வாரேன்.”

“இப்பத்தான் ஒண்ணு ரெண்டு குமிழி வந்துச்சு. கால எடுத்தீங்க, நின்னுபோச்சு. ஏறுங்க.”

ஏறினான். மிதித்தான். கொஞ்ச நேரத்தில் டேஷ்போர்டுக்குப் பின்னால் வயிறு இரைகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. முன்னால் ரேடியேட்டர் வாயில் பொளக் பொளக்கென்று குமிழிகள் கிளம்பின. கிளம்பக் கிளம்பத் தண்ணீர் உள்ளே இறங்கியது. பிலோமினா ஊற்றிக்கொண்டே இருந்தாள். அந்த நேரம் பார்த்து ஹீட்டரிலிருந்து அனல் வந்து அவன் முழங்காலில் அறைந்தது.

“காலு வேகுது, வாத்தியாரம்மா.”

“வேகட்டும்.”

“கொஞ்சம் அணைச்சிட்டுப் போடலாமா?”

“அணைச்சா மறுபடியும் மொதல்லருந்து உட்காரணும்.”

சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அவனுக்கு அவள்மேல் ஆத்திரமாக வந்தது, ஹீட்டரைக் கண்டுபிடித்தவன்மேலும் வந்தது. இரண்டு தடவை கை தானாகக் கதவுக்குப் போயிற்று. இரண்டு தடவையும் அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான். கையை எடுத்துக்கொண்டான்.

பெரிதாக ஒரு குமிழி வந்து உடைந்தது. அதற்கப்புறம் சின்னச் சின்னதாக நாலைந்து. பிறகு தண்ணீர் ஆடாமல் நின்றது. முன்பக்க விசிறி சுற்றி ஓய்ந்தது. சூடு காட்டும் முள் பாதியிலேயே நின்றுகொண்டது, மேலே ஏறவில்லை. அவள் மூடியைப் போட்டு இறுக்கினாள்.

“அம்புட்டுத்தானா?” என்றான் பால்வண்ணன், நம்ப முடியாமல்.

“அம்புட்டுத்தான். புதுசு புதுசா மாட்டித் தண்ணிய ஊத்தி மூடிட்டீங்க. உள்ள மாட்டின காத்து ஹீட்டர் பக்கம் அடைஞ்சு கெடந்துச்சு. அதை யாரும் வெளிய விடலை.”

சிக்கந்தர் வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸில் ஏறி, அரை மணி நேரம் விரட்டு விரட்டென்று விரட்டிவிட்டு வந்தான். முள் பாதியில்தான் நின்றது. ரெண்டு பேருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

பால்வண்ணன் கை கழுவினான். மணி நாலு.

“நான் திருப்பூருக்குப் போறேன், வாத்தியாரம்மா. இனிமே வர மாட்டேன்.”

பிலோமினா ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். “மதினிகிட்டச் சொல்லிட்டீங்களா?”

“அவகிட்ட என்னத்தச் சொல்ல? ஒழுகுற கூரை ஓட்டை மாத்தினேன். வீட்டுக்குள்ள குழாய் இழுத்துக் குடுத்தேன். மகளை நானே கூட்டிட்டுப் போய்க் காலேஜுல சேத்தேன். வாயில ஒரு சொட்டு ஊத்துறதில்ல. இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்யணும்? நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். சாயங்காலம் ஆச்சுன்னா ஆரம்பிச்சிருதா.” அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். “எனக்கு அந்த வீட்டை விட்டுப் போக மனசில்ல, வாத்தியாரம்மா. இருக்கவும் முடியலை.”

அவள் கடைசி ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

“மதினி ஆரம்பிச்சாங்கன்னா, பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகும், அண்ணாச்சி?”

‘நீங்க போன அன்னைக்கு’ என்றுதான் இசக்கியம்மாள் எப்போதும் தொடங்குவாள். அது காதில் விழுந்ததுமே பால்வண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பிவிடுவான். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவனுக்கு இதுவரை தெரியாது.