நாச்சிமுத்துவின் நான்கு குழாய்கள்

கோயம்புத்தூரில் பந்தயக் காருக்குப் புகைக்குழாய் வளைக்க ஆள் தேடினால், யாரைக் கேட்டாலும் நாச்சிமுத்துவின் பட்டறைக்குத்தான் வழி சொல்வார்கள். அப்பேர்ப்பட்டவர் தலை நரைத்த பிறகு, கார் என்ஜின் வேலையில் தேர்ந்த தாட்சாயணியிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார். தாட்சாயணிக்கு அவரைவிட வயது ரொம்பக் குறைவு. ஊர் வாய்விட்டுச் சிரித்தது.

"சிரிச்சுட்டுப் போகட்டும். டர்போ எனக்குத் தெரியாது, அந்த அம்மிணிக்குத் தெரியும்" என்றார் நாச்சிமுத்து.

டர்போ என்பது ஒரு சின்னச் சக்கரம். என்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்திலும் சூட்டிலும் சுழன்று, அதே என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். சிலிண்டர்களிலிருந்து புகையை வாங்கி அதனிடம் கொண்டு சேர்க்கும் குழாய்களுக்குத்தான் ஹெடர் என்று பெயர்.

முதல் டர்போ ஹெடரை அவர் தன் மகள் தரணி ஓட்டும் பந்தயக் காருக்கே செய்தார். நான்கு சிலிண்டருக்கு நான்கு குழாய். ஒன்றையொன்று தொடாமல் வளைந்து நெளிந்து, நான்கும் அச்சு அசல் ஒரே நீளம்.

தாட்சாயணி காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"அழகா இருக்குதுங்கண்ணா" என்றார். நாச்சிமுத்துவுக்கு அது போதுமானதாக இருந்தது.

பந்தயத்துக்கு முந்தைய நாள் காலையில் பயிற்சி ஓட்டம். தரணி ஒரு வளைவுக்குள் நுழைந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். டர்போ அசையவில்லை. இன்னும் மிதித்தாள். வளைவு முடிகிற இடத்தில் அது திடுக்கென்று விழித்துக்கொண்டது. கார் ஒரு சுற்றுச் சுற்றி, தடத்துக்கு வெளியே மண்ணில் போய் நின்றது.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற நாச்சிமுத்துவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தரணி ஹெல்மெட்டைக் கழற்றினாள். 

"கேக்கறப்ப வர மாட்டேங்குதுப்பா. வேண்டாங்கறப்ப வந்து தூக்கி எறியுது. இதை நம்பி நாளைக்கு எப்படி ஓட்டறது?"

நாச்சிமுத்து காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்ததும் நேரே தாட்சாயணி முன்னால் போய் நின்றார்.

"அம்மிணி, டர்போ ஏனுங்க லேட்டா முழிக்குது?"

"தெரியலீங்களா?"

"தெரிஞ்சா கேப்பனுங்களா?"

தாட்சாயணி ஒரு ஸ்டூலை இழுத்து, திறந்திருந்த என்ஜினுக்குப் பக்கத்தில் போட்டார்.

"உக்காருங்கண்ணா. தரணி, வண்டியை ஸ்டார்ட் பண்ணும்மா. சும்மா விடாதே, நல்லா மிதி."

என்ஜின் உறுமியது. நாச்சிமுத்து குழாய்களைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சூடு ஏற ஏற இரும்பின் நிறம் மாறியது. முதலில் வைக்கோல் நிறம், பிறகு வளைவுகளில் மட்டும் மெல்லிய நீலம். வந்த வேலையே அவருக்கு மறந்துபோயிற்று. இரண்டாவது குழாயின் வளைவைத் தானா இப்படி வளைத்தோம் என்று வியந்துகொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. புருவத்திலிருந்து வேர்வை சொட்டியது.

"அம்மிணி, கொஞ்சம் தள்ளி உக்காரட்டுங்களா?"

"ஏனுங்கண்ணா?"

"சூடு தாங்கலைங்க."

தாட்சாயணி கையைக் காட்ட, தரணி என்ஜினை அணைத்தாள்.

"நீங்க வாங்குன சூடு, டர்போவுக்குப் போக வேண்டியதுங்க" என்றார் தாட்சாயணி.

நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே குழாய்களை மறுபடி பார்த்தார். அத்தனை வளைவையும் சுற்றி வரும் புகை, வழியெல்லாம் சூட்டை இறைத்துவிட்டுக் களைத்துப்போய்த்தான் டர்போவிடம் சேருகிறது. சோர்ந்துபோன புகை சக்கரத்தைச் சுற்ற நேரம் எடுக்காமல் என்ன செய்யும்?

"அப்ப ஒரே நீளமா இருக்கறது தப்புங்களா?"

"தப்பில்லைங்க. இவ்வளவு நீளம் எதுக்குங்க?"

"நீளமா இருந்தா ஒரு புகை போறப்ப பின்னாடி வர்றதையும் சேர்த்து இழுக்குமுங்க. இத்தனை வருசமா அப்படித்தானுங்க செஞ்சேன்."

"அதெல்லாம் டர்போ இல்லாத வண்டிங்க."

"ஆமாங்க."

"வேற காரணம் ஏதாச்சும் உண்டுங்களா?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"வளைவு நல்லா வந்துச்சுங்க. நிறுத்த மனசு வரலை."

தரணி சிரித்துவிட்டாள். தாட்சாயணி சிரிக்கவில்லை.

சூடு ஆறியதும் நாச்சிமுத்துவே எழுந்துபோய் ஹெடரைக் கழற்றினார். இரும்பு அறுக்கும் கிரைண்டரைக் கையில் எடுத்தார். இரண்டாவது குழாயின் வளைவைத் தடவிப் பார்த்தார். பிறகு தரணியை ஒருதரம் பார்த்துவிட்டு, முதல் குழாயில் கிரைண்டரை வைத்தார்.

புதிய குழாய்கள் கட்டையாக, தடிமனாக, என்ஜினை ஒட்டி இருந்தன. எந்த இரண்டு சிலிண்டரை ஜோடி சேர்த்தால் ஒன்றின் புகை மற்றொன்றின் மேல் மோதாது என்பதைத் தாட்சாயணி சாக்பீஸால் குறித்துக் கொடுத்தார். டர்போவின் எடையில் குழாய் விரிசல் விடாதிருக்க, அடியில் ஒரு தாங்குகம்பி வைக்கச் சொன்னார். கடைசியில் சூடு வெளியேறாதபடி எல்லாவற்றின் மேலும் சாம்பல் நிற நாடாவை இறுக்கிச் சுற்றினார்கள். நாச்சிமுத்து பார்த்துப் பார்த்துப் போட்ட வெல்டிங்கில் ஒரு விரற்கடைகூட வெளியே தெரியவில்லை. அவருக்கு மனசே ஆறவில்லை.

மறுநாள் பந்தயம். அதே வளைவு. அவர் வேலிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தரணி மிதித்தாள், டர்போ உடனே வந்தது. கொஞ்சமாக மிதித்தபோது கொஞ்சமாக வந்தது. அடுத்த சுற்றில் அந்த வளைவிலேயே ஒரு காரை முந்திக்கொண்டு போனாள்.

நாச்சிமுத்து கம்பியிலிருந்து கையை எடுத்தார். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்று அரித்தது.

"அம்மிணி, ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணா."

"முன்னெல்லாம் பந்தயத்துக்கு வந்தா, பானட்டைத் திறந்து வெச்சு நம்ம குழாயைக் கூட்டம் கூட்டமா நின்னு பார்ப்பாங்க. இன்னைக்கு ஒருத்தர்கூடப் பார்க்கலீங்களே."

தரணியின் கார் அவர்களைக் கடந்து பறந்தது. தாட்சாயணி தடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வண்டி ஓடாம நின்னாத்தானுங்கண்ணா குழாயைப் பார்ப்பாங்க."