தண்ணீர் குடித்தவர் சாட்சி சொல்லலாகாது

என் தங்கங்களே, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஒரு கதை வைத்திருக்கிறேன். சிரிப்பு வரும், சிரித்து முடித்ததும் நெஞ்சில் கொஞ்சம் கசக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். சண்டையில் அவருடைய சேவல் ஒருநாள் தோற்றுப்போனது. தோற்றது ராஜாவின் சேவல்தான் என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் எதிராளி வீட்டில் விருந்து சாப்பிட்டவர்கள் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். ராஜாவுக்கு வந்ததே கோபம். ஒருவரிடம் சோறோ தண்ணீரோ வாங்கியவர் அவருக்காகச் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்று பறையடித்துவிட்டார்.

இதில் மனம் குளிர்ந்துபோனவர் படைக்குத் தலைவரான தளவாய். கோட்டைக்கு வெளியே பேச்சாயி என்ற கைம்பெண்ணுக்கு ஒரு கிணறு உண்டு. புருஷன் தோண்டிக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடியிருந்தான். தளவாய் அதைத் தன் தோப்போடு சேர்த்து வேலியடைத்துக்கொண்டார். கத்தரிச் செடியெல்லாம் கருகவே, பேச்சாயி சாட்சிகளோடு சபைக்கு வந்தாள்.

முதலில் ஒச்சப்பன் நின்றான். "அவ புருஷன்கூடச் சேர்ந்து தோண்டினவன் நான்தான் சாமி."

தளவாய் கேட்டது ஒன்றுதான். "அந்தத் தண்ணீரைக் குடித்தாயா?"

"ஊத்து கண்டதும் முதல் வாய் குடிச்சதே நான்தானே."

"தகுதியற்றவன். தள்ளி நில்."

ஆட்டுக்காரனும் தள்ளி நின்றான். மோர்க்காரியும் தள்ளி நின்றாள். அந்த வெயிலில் அங்கே குடிக்காதவர் யார்?

"என்னைத் தெரிஞ்சவங்க யாரும் ஆகாதுன்னா, தெரியாதவங்களையா சாமி கூட்டிட்டு வரணும்?" என்றாள் பேச்சாயி.

அப்போது அரண்மனை விகடன் செங்கோடன் எழுந்தான். "அரசே, அடியேனும் சாட்சி."

தளவாய் இளித்தார். "விகடரே, தாங்களும் அங்கே குடித்தவர்தானே?"

"வயிறு முட்டக் குடித்தேன், தளவாய் அவர்களே. நேற்றுத்தான், தங்கள் வேலிக்குள். தங்கள் காவலாள்தான் இறைத்துக் கொடுத்தான். அது தங்கள் தண்ணீர் என்றால் நான் தங்களுக்குத்தானே கடமைப்பட்டவன்? இவளுக்காகத் தாராளமாகப் பேசலாம். தள்ளி நிற்கும் இவர்களும் பேசலாம்."

"அது எப்படி? அது இவளுடைய தண்ணீர். அதனால்தான் உங்கள் யாருக்கும் தகுதியில்லை."

சொன்ன பிறகுதான் தளவாய்க்குச் சொன்னது உறைத்தது.

செங்கோடன் கைகூப்பினான். "அரசே, இவள் கொடுத்து ஒரு வாய் தண்ணீர்கூட வாங்காதவர் தளவாய் ஒருவர்தான். கேட்காமலே எடுத்துக்கொண்டவர். அவரே சொல்லிவிட்டார், இதைவிடத் தகுதியான சாட்சி ஏது?"

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கிணறு பேச்சாயிக்கே என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டார்.

"மாலை வேண்டாம், அரசே. இவர்களைத் தகுதியற்றவர்கள் என்ற அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."

அதையும் விகடம் என்று நினைத்து ராஜா இன்னொரு முறை சிரித்தார். சட்டம் அப்படியே இருந்தது. தளவாயும் தம் ஆசனத்தில் அப்படியே இருந்தார்.

பேச்சாயி வேலியைப் பிரித்துப் போட்டு, ஒரு வாளி இறைத்து ஒச்சப்பனிடம் நீட்டினாள். "குடிண்ணே."

அவன் கை பாதியில் நின்றது. "வேணாம் தாயி. மறுபடி வழக்கு வந்தா, பேச ஒரு ஆளு வேணுமே."

கண்ணுகளா, உங்கள் வீட்டு வாசலுக்கு வருகிறவர் ஒருவரும் ஒரு வாய் தண்ணீருக்குத் தயங்காதிருக்கட்டும். உங்கள் வீட்டார் சொல் எந்தச் சபையிலும் தள்ளி நிற்காதிருக்கட்டும்.